கேலி உருவப்படத்தைப் படிப்பது எப்படி? முதலில் முகத்தை மறையுங்கள்

கடலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு வேடம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டாம். அந்தக் கண்ணோடு ஓர் ஐரோப்பிய ஓவியத்தைப் பார்ப்போம். குவென்டின் மாட்சிஸ் 1513 வாக்கில் வரைந்த 'மூதாட்டி' அது. 'அவலட்சணச் சீமாட்டி' என்ற பட்டப்பெயர்தான் பிரபலம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முகத்தைக் கையால் மறையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள், அந்த முகம் கண்ணைப் பிடித்துக்கொண்டால் வேறெதையும் பார்க்கவிடாது. மிச்சம் என்ன தெரிகிறது? கொம்பு வைத்தது போன்ற தலையணி. படம் வரைந்த காலத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே வழக்கொழிந்த மோஸ்தர். இறுக்கிக் கட்டிய, கழுத்து இறங்கிய மேலாடை. விரல்களில் ஒரு ரோஜா மொட்டு, காதலுக்கு விடும் அழைப்பு. இப்போது கையை எடுங்கள். இளம்பெண்ணின் அலங்காரத்துக்குள் சுருக்கம் விழுந்த உடல். கேலி பிறக்கும் இடம் இதுதான்.

படி 2: ஜோடிப் படத்தைத் தேடுங்கள். ஒரு கிழவர் இவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலக் கையை உயர்த்துகிறார். அக்காலத் தம்பதிப் படங்களில் நமக்கு இடப்பக்கம் பொதுவாக ஆணுக்கு உரியது. இந்த ஜோடியில் அந்த இடத்தில் நிற்பவள் இவள்.

படி 3: இது யார் என்று கேளுங்கள். எலும்பை உருக்குலைக்கும் பாஜெட் நோய் என்று மருத்துவர்கள் சிலர் சொன்னார்கள். அது முகத்துக்குக் காரணம் சொல்லலாம், மொட்டுக்குச் சொல்லாது. 2023இல் அதே கேலரி நடத்திய கண்காட்சியையொட்டி இன்னொரு கருத்து வந்தது: இது பெண் வேடமிட்ட ஆணாக இருக்கலாம். எனக்கு இது உடனே பிடிபட்டது. நம் கூத்தில் பாஞ்சாலி வேடம் கட்டுபவர் ஆண் என்று ஊருக்கே தெரியும். துகிலுரியும்போது முன்வரிசைப் பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஆகவே வேடம் தன்னளவில் கேலி ஆகிவிடாது. அதைக் கட்டவைத்தவர் எதற்காகக் கட்டவைத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 4: நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "இந்தப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, ஏன்?" முதுமையில் காதலை விரும்பும் பெண்ணைத்தான் மாட்சிஸ் கேலி செய்கிறார் என்பது என் விடை. அந்தக் கொடுமையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவள் முகத்தில் கூச்சம் துளியும் இல்லை; மொட்டை நீட்டியபடியே நிற்கிறாள்.