முடியாத வேலை மனத்தை அரிக்கும்போது

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும் என்று நம்பிக் குறுவைக்கு நாற்றங்கால் தயாரிக்கும் தஞ்சை விவசாயிக்கு, பயிர்க்கடனுக்காக இன்னும் வாங்காத அடங்கல் (சாகுபடி விவரச் சான்று) நடுராத்திரியில் நினைவுக்கு வருவது இயல்பே. பாதியில் நின்ற வேலைகளே முடிந்தவற்றைவிட அதிகம் நினைவில் நிற்கின்றன என்று உளவியலாளர் புளூமா ஜெய்கார்னிக் 1927இல் எழுதினார். பிந்தைய சோதனைகளில் சில இதை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நடைமுறைக்குக் கூடுதலாக உதவுவது உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு: வேலை முடியாவிட்டாலும், அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த நினைவின் தொந்தரவு குறைகிறது. ஆகவே படுக்கும் முன், தாளில் "பயிர்க்கடன்" என்று மட்டும் எழுதாமல், "திங்கள் காலை பத்து மணிக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, அப்படியே கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்வது" என்று எழுதுங்கள். அன்று அலுவலர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதன் கீழேயே குறித்துவிடுங்கள்.