புள்ளியியல் படிக்க மலையிறங்கும் முன்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "கீழே எந்தக் காலேஜ் நல்லது?" கீழே என்றால் மேட்டுப்பாளையம், கோவை. போன வருடம் பக்கத்து லைன் வீட்டுப் பெண் கேட்டது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. "அண்ணா, எனக்கு மேத்ஸ் அவ்வளவா வராது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்துக்கட்டுமா?"

முதல் தவறே இதுதான். புள்ளியியல் என்றால் சராசரி, சதவீதம், பார் சார்ட், அவ்வளவுதான் என்ற நினைப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வருகிறோம். அவளுக்கு டீயை வைத்தே விளக்கினேன். தேயிலை ஊரில் வேறு எதை வைத்து விளக்குவது? ரொனால்டு பிஷர் என்ற இங்கிலாந்துப் புள்ளியியலாளரிடம் ஒரு பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். 8 கோப்பை. 4இல் பால் முதலில், 4இல் டீ முதலில். கலைத்து வைத்துவிட்டு, பால் முதலில் ஊற்றிய 4ஐக் கண்டுபிடிக்கச் சொன்னால், 8இல் 4ஐப் பொறுக்கி எடுக்க 70 வழி இருக்கிறது. குருட்டாம்போக்கில் எடுத்து அத்தனையும் சரியாக அமைய 70இல் 1 வாய்ப்பு. 6 கோப்பை மட்டும் 3க்கு 3 என்று வைத்தால் 20 வழிதான். 20இல் 1 என்பது அதிர்ஷ்டத்திலேயே நடந்துவிடலாம்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "7 வெச்சா?" என்றாள். 3க்கு 4 என்று பிரித்தால் 35 என்று அவளே போட்டுக் காட்டினாள். மேத்ஸ் வராதாம்! இந்த மாதிரிக் கணக்கு எரிச்சலைத் தந்தால் புள்ளியியல் பக்கம் போக வேண்டாம். மூன்று வருடமும் இதுதான்.

அடுத்த தவறு, "எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்பது. இளங்கலைக்கு நாம் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது கல்லூரியைத்தான். நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் கலைக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பட்டத்தில் அந்தப் பெயர் இருக்கும். பாடம் நடத்துவது கல்லூரி. அது தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் அவர்களுடையதே. ஆக, ஒரே பல்கலைக்கழகப் பெயரில் இரண்டு பேர் வாங்கும் பட்டத்துக்குப் பின்னால் வேறு வேறு படிப்பு இருக்கலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுத் தரும் நாக் கிரேடு, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை எல்லாம் முழுக் கல்லூரிக்கும் சேர்த்துத் தருவது. அதைப் பார்த்துப் புள்ளியியல் துறையை எடைபோட முடியாது.

நான் ஏமாந்தது இங்கேதான். வீட்டருகிலிருந்து ஒரே பஸ் என்பதாலும் பக்கத்து வீட்டு அண்ணன் படித்தார் என்பதாலும் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். கையேட்டில் விருப்பப் பாடம் என்று நாலைந்து போட்டிருந்தார்கள், காப்பீட்டுக் கணிதம் உட்பட. மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தால் நடத்த ஆளில்லை. வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே விருப்பப் பாடம். யாருடைய விருப்பமோ! செய்முறை என்றால் கால்குலேட்டரும் ரெக்கார்டு நோட்டும். புள்ளியியல் கணக்குகளைப் போடும் ஆர் (R) மென்பொருளை எம்.எஸ்ஸி. போன பிறகுதான் தொட்டேன்.

அதனால் சேரும் முன் துறைக்கே போய்க் கேளுங்கள். போன வருடம் நிஜமாக எந்த விருப்பப் பாடம் நடந்தது? புள்ளியியலில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், அல்லது கணிதத் துறையினர்தான் நடத்துகிறார்களா? ஆய்வகத்தில் ஆர் அல்லது பைத்தான் எந்த செமஸ்டரில் வருகிறது? பாடத்திட்டத்தில் நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, கூறெடுப்பு, ரெக்ரஷன் எல்லாம் தனித்தனித் தாளாக இருக்கின்றனவா பாருங்கள். லீனியர் அல்ஜீப்ராவும் ரியல் அனாலிசிஸும் இல்லையென்றால், பின்னால் ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி.க்கான ஜாம் தேர்வு எழுதும்போது அவற்றைச் சொந்தமாகத்தான் படிக்க வேண்டும்.

"டேட்டா சயின்ஸ்" என்ற பெயரில் மயங்குவது இப்போதைய புதுத் தவறு. பல இடங்களில் அது புரோகிராமிங் படிப்பு, ஓரமாக இரண்டு புள்ளியியல் தாள். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மத்திய அரசு வேலைக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுத, பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்கள் நமக்கு இடமில்லை என்று விலகிவிட வேண்டாம். சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

1931இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தொடங்கிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் இளங்கலை படிக்கும் எண்ணம் இருந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதே தவறு. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, அதுவும் மே மாதத்திலேயே. நம் பிள்ளைகள் போர்டு எக்ஸாம் நினைப்பில் இருக்கும்போதே விண்ணப்பத் தேதி போய்விடும்.

கடைசியாக, மலைக்காரர்களுக்கே உரிய ஒன்று: "தினம் போய் வந்துக்கலாம்" என்ற கணக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பது சொச்சம் கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் முப்பத்தைந்து. ஜூன் மாதம் சரியாகத்தான் தோன்றும். வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் செமஸ்டர் தேர்வும் ஒன்றாக வரும்போதுதான் தெரியும். மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் பஸ் நடுவழியில் நின்றுவிடும். தேர்வு பத்து மணிக்குத் தொடங்கிவிடும். விடுதிக்குச் செலவாகுமே என்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அரசு நலத்துறை விடுதிக்கும் கல்லூரியில் சேர்ந்த கையோடு எழுதிப் போடுங்கள். மழை பிடித்த பிறகு தேடினால் இடம் இருக்காது.