பாபேடி திருமணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில், முக்கியமாகச் செகுகுனே வட்டாரத்தில் வாழ்கிறார்கள் பாபேடி மக்கள். அவர்கள் திருமணத்துக்கு அச்சாணி 'மகாடி'. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் மாடுகள் அவை. இன்று பெரும்பாலும் மாட்டுக் கணக்கில் பேசி, தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் கொடுக்கிறார்கள்.

இதைப் 'பெண்ணுக்கு விலை' என்று எழுதுவது பலரும் செய்யும் தவறு. வரதட்சணையைத் தலைகீழாகத் திருப்பினால் மகாடி என்று நினைப்பதும் அப்படித்தான். பிறக்கும் பிள்ளைகள் எந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் என்பதை நிலைநாட்டுவது மகாடி. 'பிள்ளை மாடுகளுக்கு உரியது' என்பது அவர்கள் சொலவடை. மாடு போகாவிட்டால் குழந்தை தாய் வீட்டைச் சேரும். பேச்சுக்கு முன்பே குழந்தை பிறந்திருந்தால் அதற்குத் தனித் தொகை கேட்பது வழக்கம். அதை மகாடிக்குள் அடக்கிப் பேசிவிட்டால், பிறகு எது எதற்காகக் கொடுத்தது என்று பிரிக்கவே முடியாது.

மாப்பிள்ளை தானே போய்ப் பேசுவது பெரிய பிசகு. பேச்சு நடக்கும் அறையில் அவர் இருக்கவே கூடாது. முதலில் கடிதம் போகும், நாள் குறிப்பார்கள், பிறகு 'பொம்மடிட்செலா' எனப்படும் தூதர்கள் போவார்கள். பெரும்பாலும் தாய்மாமனும் பெரியப்பா, சித்தப்பா முறையில் உள்ளவர்களும்தான். உள்ளே கூப்பிடும்வரை வாசலிலேயே காத்திருக்க வேண்டும். தாமதமாகப் போனால் அபராதம் கேட்பார்கள். கேட்டால் வாதாடாமல் கட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் அன்றைய பேச்சின் போக்கே அங்கேதான் தீர்மானமாகிறது. வந்த விஷயத்தையும் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கக் கூடாது. 'ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர் கேட்டு வந்திருக்கிறோம்' என்பதுதான் மரபான தொடக்கம்.

அடுத்தது 'புலாமொலோமோ', பெண் வீட்டார் வாய் திறந்து பேசுவதற்கான பணம். இது மகாடியில் கழியாது. இங்கே நடைமுறையில் நடக்கும் தவறு, கொண்டுபோன பணம் முழுவதையும் ஒரே கட்டாக வெளியே எடுப்பது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று எதிரே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால் குறைத்துப் பேச இடமே இருக்காது. வாய் திறக்க ஒன்று, அபராதத்துக்கு ஒன்று, மகாடிக்கு இரண்டு மூன்று என்று தனித்தனிக் கவர்களில் வைத்துக்கொள்வதே சரி. பெண்ணைக் கூப்பிட்டு 'இவர்களைத் தெரியுமா?' என்று கேட்கும் கட்டத்தையும் அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. அவள் சம்மதம் எல்லார் முன்னிலையிலும் வெளிப்படும் இடம் அது.

மாட்டு எண்ணிக்கையில் ஜூலு வழக்கத்தைப் புகுத்துவது அடிக்கடி நடக்கிறது. பதினொரு மாடு என்பது ஜூலு மக்கள் வாழும் நடால் பகுதியின் கணக்கு. பாபேடி மக்களுக்கு அப்படிக் கட்டிப்போட்ட எண் கிடையாது, வீட்டுக்கு வீடு பேச்சுதான்.

பேசி முடித்ததை எழுதும்போது மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதாது. எத்தனை மாடு, மாடு ஒன்றுக்கு எத்தனை ராண்ட், இன்று கொடுத்தது, பாக்கி, அப்பாவுக்குக் கோட்டும் தொப்பியும், அம்மாவுக்குப் போர்வை என்று வரிவரியாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். சில வருடங்கள் கழித்து 'போர்வை அதில் சேர்ந்ததா, தனியா?' என்று கிளம்பும் சண்டைகள் இந்த ஒரு தாளோடு அடங்கிவிடும். முழுவதையும் ஒரே நாளில் தீர்க்க மாப்பிள்ளை கடன் வாங்கத் தேவையில்லை. பாக்கி வைப்பது அவமானமல்ல, இரு வீட்டாருக்கும் இடையே போக்குவரத்து தொடரும் என்பதற்கு அடையாளம்.

தாய்மாமன் மகளைக் கட்டும் வழக்கம் அங்கேயும் உண்டு என்றதும் நம்மவர்கள் 'அட, நம்ம முறைப்பெண்!' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அங்கே உரிமை மாடுகளின் வழியாக வருகிறது. அக்காவின் மகாடியாக வந்த மாடுகளைக் கொடுத்துத் தம்பி கல்யாணம் செய்கிறான். அந்த மாடுகளால் உண்டான வீட்டிலிருந்து தன் மகனுக்குப் பெண் கேட்க அக்காவுக்கு உரிமை இருக்கிறது. அதோடு, நமக்குத் தங்கை முறையாகிற சித்தப்பா மகளையும் கட்டலாம். குலத்தலைவர் குடும்பங்களில் இது அதிகம். மாடுகள் தொழுவத்துக்கே திரும்பட்டும் என்று அதற்கு ஒரு பழமொழியே உண்டு. நம் முறைகளை அளவுகோலாக வைத்தால் இந்தக் குடும்பங்களின் உறவு வரைபடமே தப்பாகிவிடும்.

பணம் போனதும் கல்யாணம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு, ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைப்பதும் தவறு. பெரிய பெண்கள் மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்லி, கூட்டிப்போய்ப் புகுந்த வீட்டில் ஒப்படைப்பதுதான் மரபில் கனமான சடங்கு. பாபேடி வழக்கப்படி நடந்த ஒரு திருமணம் 2014-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனபோது, திருமணமே நடக்கவில்லை என்று கணவர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முறையான ஒப்படைப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் வழக்கத் திருமணம் செல்லாததாகிவிடாது என்று பிற சமூகத்தார் வழக்குகளில் 2019-லும் 2020-லும் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே மகாடி கொடுத்து, சேர்ந்து வாழ்ந்துவிட்டு, 'வெறும் பேச்சுவார்த்தைதான்' என்று வேறொரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்வது ஆபத்து. வழக்கத் திருமணம் முறியாமல் நீடிக்கையில் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

1998-இல் இயற்றி 2000 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த வழக்கத் திருமண அங்கீகாரச் சட்டப்படி இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாததால் திருமணம் செல்லாமல் போகாது என்பது உண்மைதான். ஆனால் கணவர் இறந்த பின் திருமணத்தை நிரூபிக்கும் சுமை மனைவி தலையில் விழுகிறது. இரு குடும்பத்திலும் ஆளுக்கொரு சாட்சி, அடையாள அட்டைகள், கையெழுத்திட்ட அந்த மகாடித் தாள் ஆகியவற்றோடு உயிரோடிருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுவது மேல். இரண்டாவது மனைவி கொள்ள நினைப்பவர், சொத்து ஏற்பாட்டை எழுத்து ஒப்பந்தமாக்கி முன்கூட்டியே நீதிமன்ற ஒப்புதல் பெற வேண்டும்.