குட்டியை அமுக்கிப் பிடித்தால் தலைவராகலாமா?

எங்கள் நாய்க்குட்டி ரைகரைக் கொண்டுவந்த முதல் மாதம், யூடியூப்பில் பார்த்த ஒரு வித்தையை அவனிடம் செய்து பார்த்தேன். செருப்பைக் கடித்த குட்டியை மல்லாக்கப் புரட்டி, நெஞ்சில் கைவைத்து, அடங்கும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். அப்போதுதான் வீட்டுக்குத் தலைவர் யார் என்று அதற்கு விளங்குமாம். அவன் அடங்கத்தான் செய்தான். ஆனால் பிறகு இரண்டு கிழமைக்கு, நான் குனிந்தாலே கட்டிலுக்கடியில் போய் மூத்திரம் சொட்ட நின்றான். விசரன் ஒருவனைக் கண்டால் நாங்களும் அப்படித்தான் ஒளிப்போம்.

இந்த வித்தைக்கு வேர் ஓநாய்க் கதை. 1947 இல் ருடோல்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்குச் சண்டை பிடிக்கின்றன என்று எழுதினார். 1970 இல் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் அதைத் தன் நூலில் எடுத்துச் சொல்ல, ஊருலகமெல்லாம் பரவியது. பிறகு அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களைக் கவனித்தார். அங்கே இருந்தது தாய், தகப்பன், பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். 1999 இல் அதை எழுதினார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரையும் கேட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரே அறையில் பூட்டினால் நாங்களும் அடிபடுவோம்தானே? அதை வைத்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இப்படித்தான் என்று எழுதினால் எப்படி இருக்கும்!

அமுக்குவதைவிட ஆபத்தான பிழை, உறுமும் நாய்க்கு அடிப்பது. "எனக்கே உறுமிறியோ" என்று பூவரசந்தடியை முறித்துக்கொண்டு வருவார்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. "எனக்குப் பயமாக இருக்கு, கிட்ட வராதே" என்பதை நாய் வேறு எப்படிச் சொல்லும்? அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடி விழும். "ஒன்றுமே செய்யவில்லை, திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் நாய்களில் சில, உறுமி உறுமி அடிவாங்கி அந்தப் பழக்கத்தை விட்டவை. நாய் உறுமினால் ஒரு அடி பின்னுக்குப் போங்கள், எதற்கு உறுமியது என்று பாருங்கள். அதனால் உங்கள் தலைமை பறிபோய்விடாது.

சாப்பாட்டுக் கோப்பையில் கைவிடுவதும் இதே வகைதான். தின்னும்போது கோப்பையைப் பறித்துக் காட்டினால் பணியும் என்று நினைக்கிறார்கள். மனிதக் கை கிட்ட வந்தால் சோறு போய்விடும் என்பதைத்தான் நாய் அதில் படிக்கிறது. பிறகு சின்னப் பிள்ளை ஒன்று கோப்பைப் பக்கம் தவழ்ந்து போகும் நாளில்தான் வினை. நான் இப்போது செய்வது நேர்மாறு: ரைகர் சோறு தின்னும்போது பக்கத்தால் போய் ஒரு சூடைமீன் துண்டைப் போட்டுவிட்டு, நிற்காமல் வந்துவிடுவேன். இப்போது என்னைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு கோப்பையை விட்டு விலகியே நிற்கிறான்.

"வா" என்ற சொல்லைக் கெடுப்பது அநேகமான வீடுகளில் நடக்கிறது. கேற் திறந்த நேரம் நாய் ஒழுங்கைக்குள் பாய்ந்து, சைக்கிள்காரரைக் கலைக்கிறது. தொண்டை கிழிய "வா, வா" என்று கத்துகிறோம். அது வந்ததும் முதுகில் ஒன்று வைத்து, சங்கிலியில் கட்டுகிறோம். நாயின் கணக்கில் அடி விழுந்தது ஓடியதற்கு இல்லை, வந்ததற்கு. எவ்வளவு கோபம் இருந்தாலும், கூப்பிட்டு வந்த நாய்க்கு அந்தக் கணமே ஒரு பிஸ்கட் துண்டோ ஒரு தடவலோ கிடைக்க வேண்டும். குளிக்க வார்க்கவோ கட்டவோ வேண்டுமென்றால் கூப்பிடாமல் நீங்களே போய்ப் பிடியுங்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, காலையில் கிழித்த பாயைக் காட்டி அடிப்பதும் வீண். முகத்தைத் தொங்கப்போட்டதே, பிழை தெரிகிறதே என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற நாய் ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், குற்றமே செய்யாத நாயும் எசமான் ஏசும்போது அதே முகத்தைக் காட்டியது. அது எங்கள் கோபத்தைப் பார்த்து வருகிற முகம்.

இன்னொன்று, மொழிக் குழப்பம். தமிழ் வீடுகளில் நாயோடு மட்டும் ஏன் இங்கிலிஷ் கதைக்கிறோமோ தெரியாது! அப்பா "சிட்" என்பார், தம்பி "இரு" என்பான், அம்மா "படடா அங்க" என்பா. நாய் மூவரையும் மாறி மாறிப் பார்க்கும். எந்தச் சொல் என்பது பெரிதில்லை, எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். கதிரையில் ஏறுவதும் அப்படித்தான். நீங்கள் ஏறவிடுவது உங்கள் விருப்பம். நாய் கதிரையில் படுத்தால் ஆட்சியைப் பிடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒருவர் ஏற்றி மற்றவர் கலைத்தால் அது குழம்பும்.

நாள் முழுக்கக் கட்டிவைத்தால் காவல் நன்றாக இருக்கும் என்பவர்களோடு வாதாடி நான் களைத்துவிட்டேன். கட்டியே வளர்ந்த நாய், வளவைத் தாண்டிப் போகிற எல்லாவற்றுக்கும் வெறிபிடித்ததுபோலக் குரைக்கும். விசர்நாய் ஊசியை வருடாவருடம் போடுங்கள். காலையும் பின்னேரமும் வாரில் பிடித்து நடத்தினாலே பாதிக் குழப்படி குறையும்.

எங்கள் வீட்டில் ரைகர் கேட்பது அம்மம்மாவின் பேச்சைத்தான். எழுபத்தொன்பது வயது, முழங்கால் வலி, உரத்துக் கதைக்கவும் மாட்டா. தினமும் ஏழு மணிக்குக் குசினிப் படியில் சோற்றுச் சட்டியோடு வந்து நிற்பா. அவன் குண்டியைத் தரையில் வைக்கும்வரை சட்டி கீழே இறங்காது. ஏசவும் மாட்டா, கெஞ்சவும் மாட்டா, சும்மா நிற்பா. முதல் நாள் அவனுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. இப்போது ஆறே முக்காலுக்கே வந்து படியைப் பார்த்தபடி குந்தியிருக்கிறான்.