சி.கே.டி. செட்டுக்கு எப்போது ஆர்டர் போடுவது: 1950களின் சென்னைக் கணக்கு

சி.கே.டி. செட் என்றால் ஒரு காருக்கான பாகங்கள், பூட்டாமல் பிரித்தபடியே. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பெட்டி கட்டி அனுப்பும் அந்தப் பாகங்களைச் சென்னையில் பூட்டி ஸ்டாண்டர்ட் கார் ஆக்கிய காலம். அந்தத் திட்ட மேசையில் உட்கார்ந்தால் விற்பனையை விடுங்கள், இறக்குமதி லைசென்ஸை முதலில் எடுங்கள். அது ரூபாய் மதிப்புக்குத் தரப்படுவது. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் அதற்குள்ளேயே அடங்கும். கூலி ஏறினால் செட் குறையும்.

அடுத்து நாள் கணக்கு. உதாரணத்துக்கு, தினம் 6 கார், வாரம் 6 நாள் வேலை. எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க 3 வாரம், அங்கே பெட்டி கட்டித் துறைமுகம் சேர 5, கடலில் 5, இங்கே கஸ்டம்ஸ் தாண்ட 3: மொத்தம் 16 வாரம், 576 செட். தாமதம் வந்தால் சமாளிக்கக் கைக்காப்பாக 4 வாரம், 144. கையிருப்பு, கடலில் இருப்பது, ஆர்டரில் நிற்பது மூன்றும் சேர்ந்து 720-க்குக் கீழே இறங்கும் அன்றே அடுத்த ஆர்டர் போக வேண்டும். கைக்காப்பு தண்டச்செலவு என்று கணக்குப் பிரிவு முணுமுணுக்கும். ஆனால் சூயஸ் கால்வாய் 1956 நவம்பர் முதல் 1957 ஏப்ரல்வரை அடைபட்டபோது லண்டன்–பம்பாய் பாதையே நாலாயிரத்துச் சொச்சம் கடல் மைல் நீண்டது. மணிக்கு 12 கடல் மைல் போகும் கப்பலுக்கு அது 2 வாரத் தாமதம். கைக்காப்பு இதற்குத்தான்.

பெட்டி வந்ததும் பேக்கிங் லிஸ்ட்டோடு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கதவும் பானெட்டும் தொலையாது. மெழுகுத்தாளில் சுற்றிய கிளிப் பொட்டலமும் கண்ணாடி ரப்பரும்தான் தொலையும். வெளியே தெரியாத சேதமானால் கப்பல் கம்பெனிக்கு 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறைந்த ரப்பரை அடுத்த செட்டிலிருந்து உருவ வேண்டாம். உருவினால் கடைசியில் லைனில் நிற்பது ரப்பர் இல்லாத ஒரு கார் அல்ல, ஆளுக்கொன்று குறைந்த பத்து கார்.

உண்மையான சிக்கல் ‘டிலீஷன்’. டயர், பாட்டரி, இலைஸ்பிரிங் என்று உள்ளூரில் கிடைப்பதைச் செட்டிலிருந்து நீக்கச் சொல்கிறோம். நீக்கியதற்குக் கவென்ட்ரிக்காரர்கள் கழிக்கும் தொகை பெரும்பாலும் உள்ளூர் விலைக்கு எட்டாது; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் தவறுவதைத்தான் பொறுக்க முடியாது. இன்று நீக்கச் சொன்னால் பாகம் இல்லாத பெட்டி 16 வாரம் கழித்து வந்து இறங்கும். அதற்குள் சப்ளையர் தேறாவிட்டால் லைன் நிற்கும். மாதிரி தேறினால் போதாது. ஒரு முழு லாட்டுக்கு, அதாவது 24 காருக்கு, உள்ளூர்ப் பாகத்தைப் பூட்டிப் பார்த்த பிறகே கடிதம் போகட்டும். நீக்கம் எந்த லாட் எண்ணிலிருந்து என்பதையும் அதில் எழுதுங்கள். தேதி மட்டும் எழுதினால், ஏற்கெனவே கட்டிய பெட்டி எது, இனிக் கட்டுவது எது என்று இரு பக்கமும் குழம்பும்.