ஃப்யூயல் செல் காரில் பவரைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?

ஃப்யூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தருவது. 2014-இல் வந்த டொயோட்டா மிராய் காரில் அது 114 கிலோவாட். பேட்டரியோ வெறும் 1.6 கிலோவாட் அவர். பேட்டரியின் வேலை தூரம் ஓட்டுவதல்ல, திடீர்த் தேவையைத் தாங்குவது. அதே அளவு பேட்டரியை வைத்து ஒரு சின்னக் காருக்கு மாதிரி செய்து பார்த்தேன். பைத்தான் போதும், சிமுலிங்க் மாதிரி விலைகொடுத்து வாங்கும் சிமுலேஷன் மென்பொருளுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

முதலில், நொடிக்கு நொடி வேகம் வேண்டும். கிண்டியிலிருந்து விமான நிலையம் வரை போன் ஜிபிஎஸ்ஸில் பதிந்தேன். 1200 கிலோ கார் சீராக வேகமெடுத்து 8 நொடியில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட, சராசரியாக 14.5 கிலோவாட் வேண்டும். கடைசி நொடியில் 29. காற்றும் உராய்வும் தனி.

அடுத்து, கடைசி 30 நொடிச் சராசரியோடு 2 கிலோவாட் கூட்டி ஃப்யூயல் செல்லிடம் கேளுங்கள். நொடிக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். கம்ப்ரசர் காற்றைக் கொண்டுவருவதற்குள் சுமை ஏறினால் ஆக்சிஜன் பற்றாமல் செல் கெடும். செல் ஆனில் இருக்கும்போது 5 கிலோவாட்டுக்குக் கீழேயும் இறக்க வேண்டாம். சுமையே இல்லாவிட்டால் வோல்டேஜ் ஏறி, செல்லுக்குள் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினம் அரிபடும். மிச்சமெல்லாம் பேட்டரி கணக்கு.

நான் மாட்டிக்கொண்டது இனிமேல்தான். பேட்டரி சார்ஜ் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் செல் ஆன், மேலே வந்தால் ஆஃப் என்று எழுதினேன். கத்திப்பாரா நெரிசலில் அது மின்மினி மாதிரி அணைந்து அணைந்து எரிந்தது. செல்லின் ஆயுளைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள்: அடியில் ஒரு மிதவை, மேலே ஒன்று. அதேபோல் 50-இல் ஆன், 70-இல் ஆஃப். நடுவில் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே.

சரி என்று மாற்றியும் நிற்கவில்லை. செல் ஆனா ஆஃபா என்ற முந்தைய நிலையை வைத்திருந்த மாறியை (variable), நொடிதோறும் திரும்ப ஓடும் லூப்புக்கு உள்ளேயே தொடங்கியிருந்தேன். நொடிக்கொரு முறை அது ஆஃப் ஆகிவிட்டது. இரண்டு நாள் ஜிபிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். லூப்புக்கு வெளியே வையுங்கள்.

பின்சேர்க்கை: பழைய விதியைவிட 12 கிராம் ஹைட்ரஜன் மிச்சம் என்று இங்கே எழுதியிருந்தேன். பயணம் முடிந்தபோது சார்ஜ் எவ்வளவு என்று ஒருவர் கமென்டில் கேட்டார். பழைய விதியில் 70-இல் தொடங்கி, கடைசியில் செல்லை விதியை மீறி ஓடவிட்டு 70-க்கே ஏற்றி முடித்திருந்தேன். புதியதில் அதே 70-இல் தொடங்கி 52-இல் முடிந்திருந்தது. அந்த 18 சதவீதம் 0.288 கிலோவாட் அவர். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33.3 கிலோவாட் அவர், செல்லின் திறன் 50 சதவீதம் என்று வைத்தால், 17 கிராம் கடன். ஆக, 5 கிராம் கூடுதலாகத்தான் செலவாகியிருக்கிறது. ஆனாலும் செல் நாள்பட உழைக்கும் என்பதால் புதிய விதியையே வைத்துக்கொண்டேன்.