‘பண்ணு’வுக்கு ஆங்கிலத்தில் எந்த வினை?

தமிழில் ஆபரேஷனும் பண்ணலாம், கச்சேரியும் பண்ணலாம், தப்பும் பண்ணலாம். எல்லாச் சுமையையும் ஒரே வினை தூக்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதை ‘டூ’, ‘மேக்’, ‘கிவ்’, ‘பர்ஃபார்ம்’, ‘கண்டக்ட்’, ‘கேரி அவுட்’ என்று பல வினைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. எந்தச் சுமை யாருக்கு என்பது கூட வரும் பெயர்ச்சொல்லைப் பொறுத்தது. ‘டூ எ மிஸ்டேக்’ தவறு, ‘மேக் எ மிஸ்டேக்’ சரி. இதற்கு விதி தேடி அலைவது வீண். ஜோடியாகவே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். நடுவில் பெயர்ச்சொல், இடப்பக்கம் வினை, வலப்பக்கம் ‘ஆன்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொல். நடுப்பத்தியை முதலில் நிரப்புங்கள், ஏனென்றால் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நாளுக்கு ஐந்து வரி போதும். மறுநாள் இரண்டு ஓரங்களையும் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது வலப்பக்கத்தில். ‘பர்ஃபார்ம் சர்ஜரி’க்குப் பின் ‘ஆன் எ பேஷன்ட்’ வரும். பலர் ‘டு எ பேஷன்ட்’ என்று எழுதுவதற்குக் காரணம், நோயாளி‘க்கு’ என்ற நம் உருபு. ‘ஆபரேட்’டிலும் இதே கதை. ‘ஆன்’ விட்டுப்போனால், நோயாளியை லிப்ட் போல இயக்கியதாக அர்த்தமாகிவிடும்.

‘பர்ஃபார்ம்’ சற்று விறைப்பான சொல். பயிற்சியோ முறையோ தேவைப்படும் வேலைக்குப் பொருந்தும்: அறுவைச் சிகிச்சை, சடங்கு, கணக்கீடு, கடமை, நடனம். வீட்டுப்பாடத்துக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் ‘டூ’ போதும். அங்கே ‘பர்ஃபார்ம்’ போட்டால் சிரிப்பார்கள். சர்வே, நேர்காணல், விசாரணை ஆகியவற்றுக்கு ‘கண்டக்ட்’. உத்தரவு, பழுதுபார்ப்பு, ஆராய்ச்சிக்கு ‘கேரி அவுட்’. ‘எக்ஸிக்யூட்’டில் மட்டும் கவனம் தேவை. திட்டத்தை எக்ஸிக்யூட் செய்யலாம், ஆளை எக்ஸிக்யூட் செய்தால் அது மரண தண்டனை.

இன்னொரு கண்ணி ‘ஃபங்ஷன்’. நமக்கு அது வீட்டு விசேஷம். ஆனால் ‘பர்ஃபார்ம் எ ஃபங்ஷன்’ என்றால் ஒரு பணியை ஆற்றுவது. இதயம் கூட ஃபங்ஷன் பர்ஃபார்ம் செய்யும். விழா நடத்துவதைச் சொல்ல ‘ஹோல்ட்’ அல்லது ‘ஆர்கனைஸ்’ போடுங்கள்.

மேடைக்கு வருவோம். கச்சேரி செய்வது ‘கிவ் எ கான்சர்ட்’. அதே ‘கிவ்’வை நடனத்தோடு சேர்த்து ‘கிவ் எ டான்ஸ்’ என்றால், விருந்தினரை அழைத்து நடன விருந்து வைப்பதாகிவிடும். பரதம் ஆடுபவருக்கு ‘பர்ஃபார்ம் எ டான்ஸ்’. ‘பர்ஃபார்ம் எ பர்ஃபார்மன்ஸ்’ காதில் இடறும், அங்கே ‘கிவ்’தான். நாடகம் போடுவது ‘புட் ஆன் எ ப்ளே’. படத்தில் நடிப்பது ‘ஆக்ட் இன் எ ஃபில்ம்’, கர்ணனாக நடிப்பது ‘ப்ளே கர்ணா’. ‘ஆக்ட் ஆஸ்’ என்று எழுதினால் பொறுப்பு வகித்தார் என்ற வாசனை வந்துவிடும். பொறுப்பு முதல்வரை ‘ஆக்டிங் பிரின்சிபல்’ என்பது இதனால்தான். வீணை வாசிப்பது ‘ப்ளே தி வீணா’. இந்த இடத்தில் ‘தி’யை விடாமல் எழுதிப் பழகுங்கள்.

மேடையில் நிற்பவருக்கு ‘ஸ்டேஜ் லெஃப்ட்’ என்பது அவருடைய இடக்கை, அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கம். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் ஒத்திகையில் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். பார்ப்பவர்களில் இரண்டு வகை: கச்சேரிக்கும் நாடகத்துக்கும் ‘ஆடியன்ஸ்’, கிரிக்கெட்டுக்கு ‘ஸ்பெக்டேட்டர்ஸ்’. முதல் சொல்லின் லத்தீன் வேர் கேட்பது, இரண்டாவதன் வேர் பார்ப்பது. ஒத்திகையின் ஆங்கிலப் பெயரான ‘ரிஹர்சல்’ பழைய பிரெஞ்சில் மண்ணை மீண்டும் பரம்படிப்பதிலிருந்து வந்தது. வயல் தெரிந்தவருக்கு இது மறக்காது. அரங்கேற்றத்துக்குச் சொல்லும் ‘டெப்யூ’வில் கடைசி ‘டி’ எழுத்தோடு சரி, உச்சரிப்பில் கிடையாது.

மேடையை விட்டால் ‘பர்ஃபார்ம்’ அடிக்கடி காதில் விழும் இடம் நீதிமன்றம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரர்கள் தம் வாக்குறுதிகளைப் ‘பர்ஃபார்ம்’ செய்ய வேண்டும், அல்லது செய்ய முன்வர வேண்டும் என்கிறது. நிலத்துக்கு அக்ரிமென்ட் போட்டவர் கிரயம் செய்து தர மறுத்தால் தொடுப்பது ‘ஸ்பெசிஃபிக் பர்ஃபார்மன்ஸ்’ வழக்கு. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் வினை ‘எக்ஸிக்யூட்’. அன்றாடப் பேச்சில் வாக்கைக் காப்பாற்றுவதற்கு ‘கீப்’ போதும்; நண்பரிடம் போய் ‘பர்ஃபார்ம்’ என்றால் வக்கீல் நோட்டீஸ் போலிருக்கும்.

உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில்: பர்-ஃபார்ம், பர்-ஃபார்-மன்ஸ். இரண்டிலும் ‘ஃபார்’ ஓங்க வேண்டும், ‘மன்ஸ்’ மெலிய வேண்டும். எழுத்தில் தொடக்கம் பி, இ, ஆர். ‘பர்ஃபார்மன்ஸ்’ முடிவது ஏ, என், சி, இ. அவசரத்தில் தொடக்கம் பி, ஆர், இ என்று புரண்டால் ‘ப்ரீஃபார்ம்’ ஆகிவிடும். தண்ணீர் பாட்டிலாக ஊதிப் பெருக்குவதற்கு முன் சோதனைக் குழாய் போலிருக்கும் பிளாஸ்டிக் துண்டின் பெயர் அது. உண்மையான சொல் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது, நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.